அமெரிக்கப் பட்டாளத்துக்குத் தப்ப ஓர் அவசர எழுத்து

சனிக்கிழமை காலை. வாயில் பற்பசை நுரையோடு நான் கிணற்றடியில் நிற்கும்போது வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. முதலில் ஒரு சீப்பு வாழைப்பழம் இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு பத்மா இறங்கினாள். பின்னால் ஒரு நெட்டைப் பையன். கடைசியாக, வெள்ளைப் பாடசாலைச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை, நெஞ்சோடு அணைத்த டியூட் தாள் கட்டோடு. ரியூசன் வகுப்புக்குப் போகிற வழியில் மடக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

வாழைப்பழத்தோடு பதிவாளர் வீட்டுக்கு வருகிறவர்கள் ஆசி வாங்க வருவதில்லை. சட்டத்தைக் கொஞ்சம் வளைத்துத் தர ஏலுமோ என்று கேட்கவே வருகிறார்கள். இத்தனை வருட உத்தியோகத்தில் என் கணிப்பு ஒருமுறைகூடப் பிழைத்ததில்லை.

"ஐயா, இண்டைக்கே ஒரு எழுத்து எழுதவேணும்," என்றாள் பத்மா, கதிரையில் இருக்க முன்னமே.

இந்தத் தொடரைப் புதிதாக வாசிப்பவர்களுக்கு: எங்கள் பக்கத்தில் 'எழுத்து' என்றால் கலியாணப் பதிவு. தாலியைப் பிறகு ஆறுதலாகக் கட்டலாம்; முதலில் எழுதிவிடுவோம். அந்த எழுத்தை எழுதுகிற விவாகப் பதிவாளன் நான். திருகோணமலை லிங்கநகரில் என் வீட்டு மதிலில் அப்படி ஒரு தகரப் பலகை இருக்கிறது. கடற்காற்று 'விவாக' என்ற பகுதியைத் தின்றுவிட்டது. இப்போது வெறும் பதிவாளர்தான். நாய்க்கு இலக்கத்தகடு எங்கே எடுப்பது என்று கேட்டும் ஆட்கள் வருகிறார்கள்.

பையன் பத்மாவின் ஒரே மகன், கெவின். பெண் அவளுடைய அண்ணனின் மகள், துளசி. மச்சான் மச்சாள், முறை சரி. இருவருக்கும் பதினெட்டு ஆகிவிட்டது, வயதும் சரி. அவளுக்கு இன்னும் சில கிழமைகளில் உயர்தரப் பரீட்சை. அவனுக்கு இன்னும் மீசையே ஒழுங்காக முளைக்கவில்லை. அதற்குச் சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை.

என்ன அவசரம் என்று கேட்டேன். இந்த வயதுக்காரரின் அவசர எழுத்துக்கு வழக்கமாக ஒரே ஒரு காரணம்தான் இருக்கும். அதைக் கேட்கும்போது நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது வழக்கம், யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. துடைக்கத் தொடங்கினேன்.

"அப்பிடி ஒண்டும் இல்லை ஐயா," என்றாள் பத்மா. "இவனை அமெரிக்கன் ஆமிக்குப் பதியச் சொல்லுறாங்கள். கலியாணம் முடிச்சவனை எடுக்க மாட்டாங்கள்தானே?"

வாயில் மிச்சமிருந்த பற்பசையை விழுங்கிவிட்டேன்.

கெவின் செய்த குற்றம்

கெவின் செய்த குற்றம் அமெரிக்காவில் பிறந்தது. அவனுடைய தகப்பன் நடேசனுக்கு ஒரு காலத்தில் அமெரிக்க விசா லொத்தர் விழுந்தது. லொத்தரில் வீடு விழும், கார் விழும்; எங்கள் ஆட்களுக்கு நாடே விழும். பத்மாவைக் கலியாணம் முடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பனிக்குள் பிள்ளை பிறந்தது. சண்டை முடிந்த கையோடு பத்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். நடேசன் அங்கேயே ஒரு பெற்றோல் செட்டில் வேலையோடு நின்றுவிட்டார். ஏன் அவள் வந்தாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கிண்டல் வராது, ஆகவே வருகிறபோது வரட்டும்.

ஆக, கெவின் வளர்ந்தது திருகோணமலையில், கையில் இருப்பது அமெரிக்கக் கடவுச்சீட்டு. நிலாவைக் காட்டுவதுபோல அதைக் காட்டிக் காட்டியே பத்மா அவனுக்கு எட்டு வருடம் புட்டுத் தீத்தினாள். இந்தப் பிள்ளைக்கு இங்கே ஒருவரும் கை வைக்க ஏலாது, அவன் அமெரிக்கன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். அமெரிக்கனுக்கு அமெரிக்காவே கை வைக்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த நாட்டுச் சட்டம் இதுதான். குடியுரிமை உள்ள ஆண்பிள்ளைக்குப் பதினெட்டு ஆனவுடன் தன் பெயரையும் முகவரியையும் படைப் பதிவுக்குக் கொடுக்கவேண்டும். அவன் உலகத்தின் எந்த மூலையில் கிடந்தாலும், வேறு எந்த நாட்டுக்குச் சொந்தமாக இருந்தாலும் கொடுக்கவேண்டும். அது படையில் சேர்வது அல்ல. என்றைக்காவது பெரிய யுத்தம் வந்து ஆள் காணாவிட்டால் யாரைக் கூப்பிடலாம் என்று தெரிந்து வைத்திருப்பதற்காம். அரை நூற்றாண்டாக அப்படி ஒருவரையும் கூப்பிடவில்லை. ஆனால் பதியாவிட்டால் பின்னாளில் அரசாங்க வேலை கிடைக்காது, சில இடங்களில் படிப்புக்கு உதவி கிடைக்காது. கெவினை அங்கே படிக்க எடுக்க நினைத்திருந்த நடேசன், பிறந்தநாள் வாழ்த்தோடு வாழ்த்தாக இதையும் போனில் சொல்லியிருக்கிறார். இங்கே எல்லாரும் செய்வதுதான், இரண்டு நிமிட வேலை என்றிருக்கிறார்.

அந்த 'எல்லாரும்'தான் பத்மாவைக் கொன்றுவிட்டது. வீட்டுக்கு ஒருவர் என்று இயக்கம் சண்டைக்கு ஆள் கேட்ட காலத்தையே பார்த்தவள். வீட்டில் உள்ள எல்லாரும் என்றால் அது என்ன மாதிரி நாடு?

கப்பல்துறையில் ஒளிப்பு

அவள் என்னிடம் வருவதற்கு முன்னமே வேலையைத் தொடங்கிவிட்டாள். போன் வந்த அன்றே கெவினுக்குப் பின்னேரம் பந்தடி நிறுத்தம். கடவுச்சீட்டு அரிசி வாளிக்குள். மறுநாள் அவனைக் கப்பல்துறைக் கிராமத்தில் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு அனுப்பினாள். அங்கேயும் ஒரே இடத்தில் படுக்கவேண்டாம், ஒருநாள் மாமா வீட்டில், ஒருநாள் பக்கத்து வீட்டில் என்று உத்தரவு.

இந்த முறை நாங்கள் பழகியதுதான். அந்தக் காலத்தில் பொடியன்களை அப்படித்தான் வீடு மாற்றி வீடு மாற்றிப் படுக்கவைத்தோம். ஆனால் வாசகர்கள் தயவுசெய்து ஒருமுறை யோசித்துப் பார்க்கவும். அமெரிக்க இராணுவம் கப்பலில் வந்து, துறைமுகத்தில் இறங்கி, கண்டி வீதியால் நடந்து, கப்பல்துறைச் சந்தியில் தேத்தண்ணி குடித்து, கெவின் எந்த வீட்டில் படுத்திருக்கிறான் என்று விசாரிக்கும். பக்கத்து வீடு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். உடனே அமெரிக்கா கைவிரித்துத் திரும்பிப் போய்விடும்.

இன்னொன்று. ஒளிக்க இடம் தேடிய பத்மா கண்டுபிடித்த இடம் சீனன்குடா விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில். விமானம் ஏறி இறங்குகிற சத்தத்தில் அவன் நன்றாக நித்திரை கொண்டிருக்கிறான். அவனைக் கேட்டேன். மாமா வீட்டில் வைஃபை நல்லது என்றான்.

அந்த இடத்தில்தான் பத்மாவுக்கு அடுத்த யோசனை வந்திருக்கிறது. அண்ணன் வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளை ஒன்று இருக்கிறதே.

பதிவு என்றால் என்ன

என் மனைவி மனோ தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் பத்மாவிடம், பதிவதற்கும் பிடிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது என்று ஒரு பதிவாளருக்குரிய கம்பீரத்தோடு விளக்கிக்கொண்டிருந்தேன். "வித்தியாசமோ? எங்க?" என்று கேட்டுவிட்டு மனோ உள்ளே போனாள்.

அவள் கேட்டதும் நியாயம்தான். என் சனத்துக்குப் பதிவு என்றால் என்ன? கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒரு இரவு படுக்கப் பொலிஸில் பதிவு. வீட்டில் எத்தனை பேர் என்று இராணுவத்தில் பதிவு, குடும்பமாக நிற்கவைத்துப் படமும் எடுத்தார்கள். எங்கள் கலியாணப் படத்தில்கூட நாங்கள் அவ்வளவு ஒற்றுமையாக நின்றதில்லை. தோணிக்குப் பதிவு, துவிச்சக்கர வண்டிக்குப் பதிவு. முகாமுக்குள் போகப் பதிவு, வெளியே வரப் பதிவு. மற்றப் பக்கத்து இயக்கக்காரர் வந்து எந்த வீட்டில் எத்தனை இளந்தாரிகள் என்று எழுதிக்கொண்டு போனது தனிப் பதிவு. ஒருவருக்கொருவர் சுட்டுக்கொண்டவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

இத்தனைக்கும் நடுவில் சனம் தானாக, சிரித்த முகத்தோடு, வாழைப்பழத்தோடு வந்து பதிந்தது என்னிடம் மட்டும்தான். அதுவும் மற்றப் பதிவுகளுக்குத் தப்ப.

அந்த நாளைய எழுத்துகள்

கலியாணம் முடித்தவர்களை இயக்கம் எடுக்காது என்று ஒரு கதை அப்போது உலாவியது. பல இடங்களில் அது உண்மையாகவும் இருந்தது. அவ்வளவுதான். மூதூர்ப் பக்கம், சம்பூர்ப் பக்கம், எங்கேயெல்லாம் குமருகளும் இளந்தாரிகளும் இருந்தார்களோ அங்கேயிருந்தெல்லாம் படகில் ஏறி என்னிடம் வந்தார்கள்.

அந்தக் கலியாணங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். மாப்பிள்ளையின் பெயரை மறந்துபோன பொம்பிளை இருந்தாள். கையெழுத்து வைத்துவிட்டு, இனி ரியூசனுக்குப் போகலாமா என்று என்னிடம் அனுமதி கேட்ட மாப்பிள்ளை இருந்தான். இன்னொரு சோடியில் இரண்டு பேரும் வேறு வேறு சைக்கிளில் வந்து, எழுதி முடித்து, வேறு வேறு சைக்கிளில் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். வாசலில் ஒட்டிய கலியாண அறிவித்தலை ஊருக்குள் திரிகிற மான் ஒன்று வந்து மென்றுவிட்டது. எங்கள் பட்டினத்து மான்களுக்கு அந்தக் காலத்தில் என் வீட்டில் நல்ல சாப்பாடு. ஆட்சேபம் தெரிவிக்க வேறு ஒருவரும் வரவில்லை.

சண்டை முடிந்தபின் சிலர் திரும்பி வந்தார்கள். இப்போது ஆபத்து இல்லையே, இதை வெட்டிவிட ஏலாதோ என்று கேட்டார்கள். மனுசன் மனுசியை வெட்டிவிடுவது நீதிமன்ற வேலை, என்னிடம் அழிறப்பர் கிடையாது என்று அனுப்பிவைத்தேன். மற்றவர்கள் அப்படியே குடும்பமாகிவிட்டார்கள். சந்தையில் கண்டால் மரக்கறிப் பையோடு முறைத்துக்கொண்டு நிற்பார்கள், முறையான கலியாணம் முடித்தவர்களைப் போலவே.

பத்மாவின் எழுத்தையும் நான்தான் எழுதினேன். சம்பூரிலிருந்து தகப்பன் கூட்டிவந்தார். அவளுக்கு அப்போதுதான் பதினெட்டு. லொத்தர் விழுந்த நடேசன் வெயிலில் வியர்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். எழுதி முடித்து எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். வீட்டில் இன்னும் ஒரு கடைசிப் பொடியன், தவம், இருந்தான். அவனுக்குப் பதினாறு. அந்த வயதுக்கு எழுத்து எழுத ஏலாது.

அவள் எழுத்து முடிந்து கொஞ்ச நாளில் தவத்தை இயக்கக்காரர் எடுத்துவிட்டார்கள். வகுப்பு முடிந்து வருகிற வழியில். சைக்கிளை வேலியோடு சாத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், அந்த மரியாதை மட்டும் இருந்தது. அதன்பிறகு அவனை வீட்டார் ஒருவரும் காணவில்லை. இதற்காகத்தான் பத்மா அமெரிக்காவை விட்டு வந்தாள். முகாம் முகாமாகப் போனாள். ஆணைக்குழு ஆணைக்குழுவாகப் போய்ச் சாட்சி சொன்னாள். தம்பியின் படத்தை வைத்துக்கொண்டு வீதியோரப் போராட்டத்தில் இருந்தாள். இன்றும் போகிறாள். அவள் கெட்டிக்காரி, விசரி அல்ல. எழுதின பிள்ளை தப்பியது, எழுதாத பிள்ளை போனது. கண்ணால் கண்டதை அவள் எப்படி மறுப்பாள்?

அந்தக் குடும்பத்தில் பத்மா கேட்டால் ஒருவரும் இல்லையென்று சொல்வதில்லை. தம்பிக்காக ஒரு நாட்டையும் புருசனையும் விட்டு வந்தவளிடம் எந்த வாயால் இல்லையென்பது? துளசியின் தகப்பனும் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாராம். வெட்கம் கெட்ட மனுசன், ஓட்டோவில் கூட வரவில்லை.

சட்டம் கேட்கச் சொன்ன கேள்வி

நான் முதலில் பத்மாவைச் சமாளிக்கப் பார்த்தேன். இன்றைக்கே எழுத ஏலாது, அறிவித்தல் கொடுத்து நாள் பொறுக்கவேண்டும் என்றேன். அவசர அனுமதி எடுக்கலாம் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. சொல்லிக் கொடுத்தவனும் நான்தான், அவளுடைய சொந்த எழுத்துக்கு.

அடுத்ததாக, அமெரிக்கன் கலியாணம் முடித்தவனையும் பதியச் சொல்கிறான் என்றேன். முடித்தவன், முடிக்காதவன், நொண்டி, முடவன், ஐந்து பிள்ளைக்காரன் எல்லாரும் பதியத்தான் வேண்டும். கலியாணத்துக்குப் பயப்படுகிற படை இல்லை அது. பத்மா நம்பவில்லை. கெவின் போனில் எடுத்து வாசித்தும் காட்டினான். "அவங்கள் அப்பிடித்தான் எழுதுவாங்கள்," என்றாள்.

இனி ஒன்றும் செய்ய ஏலாத நிலையில், சட்டம் கேட்கச் சொல்லும் ஒரே கேள்விக்கு வந்தேன். துளசி டியூட் கட்டை மடியில் வைத்து அதன் மூலையை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தாள். சம்மதமோ என்று கேட்டால் அவள் ஓம் என்று சொன்னாலும் சொல்லிவிடுவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஓம் என்றால் நான் எழுதத்தான் வேண்டும். இரண்டு பேரும் வயது வந்தவர்கள். அரசாங்கம் எனக்குத் தந்தது பேனை, தடி அல்ல.

"பிள்ளை, உமக்கு இதில விருப்பமோ?"

அவள் என்னைப் பார்க்கவில்லை, மாமியைத்தான் பார்த்தாள்.

"மாமி, நான் ஒண்டு கேக்கட்டோ?"

பத்மா கேளன் என்றாள்.

"சித்தப்பாவைப் பற்றி எத்தினை தரம் சொல்லியிருப்பீங்கள். வகுப்பு முடிஞ்சு வரேக்க எடுத்தவங்கள், அவரிட்ட ஒரு சொல்லும் கேக்கேல்ல எண்டு." மடியில் இருந்த டியூட் கட்டைத் தூக்கிக் காட்டினாள். "நானும் வகுப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தனான். என்னட்டையும் ஒருதரும் கேக்கேல்ல. அவரை அவங்கள் எடுத்தாங்கள். என்னை நீங்கள் எடுக்கிறீங்கள்."

பத்மா எழும்பிப் போய்த் துளசியின் டியூட் கட்டை வாங்கி, மடிந்த மூலைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி அவள் கையில் கொடுத்தாள்.

"எத்தினை மணிக்கு வகுப்பு?"

தொடங்கியிருக்கும் என்றாள் துளசி. பத்மா வாசலில் நின்ற ஓட்டோவில் அவளை ஏற்றிவிட்டு, நேரே கொண்டுபோய் வகுப்பு வாசலில் இறக்கு என்று ஓட்டோக்காரருக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள். மனோ குசினி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் நாக்கில் நல்ல நக்கல் ஒன்றும் வரவில்லை, வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

போய்க் கேட்க ஓர் இடம்

எழுத்து போய்விட்டது. ஆனால் பதிவு இன்னும் இருக்கிறதே. கெவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு தாயைப் பார்த்தான். செய்யட்டுமா வேண்டாமா என்று கேட்க அவனுக்குத் துணிவு வரவில்லை. அவனுக்காக நான் வாயைத் திறக்கப் போனேன். பத்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"ஐயா, இதில என்னென்ன கேக்கினம்?"

பெயர், பிறந்த திகதி, அங்கத்தைய அடையாள இலக்கம், இருக்கிற முகவரி என்றேன். கெவினின் போன் திரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"எங்கட வீட்டு முகவரியோ? திருகோணமலை எண்டே போடுறதோ?"

"ஓம். வீடு மாறினால் அதையும் அறிவிக்கவேணும்."

"பதிஞ்சதுக்கு ஏதும் தருவினமோ?"

ஓர் இலக்கம் தருவார்கள், அவன் பதிந்தவன் என்று அத்தாட்சியும் வரும் என்றேன்.

நான் வழக்கம்போல என் விளக்கத்தை எடுத்தேன். பயப்பட ஒன்றும் இல்லை, ஒருவரையும் கூப்பிடமாட்டார்கள், அரை நூற்றாண்டாகக் கூப்பிடவில்லை, இது வெறும் பெயர்தான் என்றெல்லாம் சொன்னேன். அவள் அதில் ஒன்றையும் காதில் போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"அப்ப, நாளைக்கு இவனைக் கொண்டுபோனாலும் ஆர் கொண்டுபோனது எண்டு தெரியும்," என்றாள். "இலக்கத்தைச் சொல்லி எங்கட பிள்ளை எங்க எண்டு கேக்கலாம். நாங்கள் எடுக்கவேயில்லை எண்டு அவங்கள் சொல்ல ஏலாது."

நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் மகனின் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். அவன் ஆங்கிலத்தில் தட்டத் தட்ட, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு முகவரி வந்த இடத்தில் அவனை நிறுத்தச் சொன்னாள்.

"ஒழுங்கையின்ர பேரையும் போடு ராசா," என்றாள். "வடிவாப் போடு. தம்பியைத் தேடிப் போற இடமெல்லாம், அப்பிடி ஒரு ஆள் எங்களிட்டப் பதிவில்லை எண்டுதான் சொன்னவங்கள்."